கல்வெட்டு படிக்க எம்.ஏ. சேரலாமா? வயது 39, வங்கி வேலை, எட்டாவது படிக்கும் மகள்

தாராசுரத்தாள் | மார்ச் 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முடித்து, தேர்வு எழுதி, 23 வயதில் பொதுத்துறை வங்கியில் சேர்ந்தேன். இப்போது கும்பகோணம் பக்கம் ஒரு கிளையில் அதிகாரி. கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான்.

சின்ன வயதில் அப்பா என்னைத் தாராசுரம் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அங்கே நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக இருக்கும், கூடவே பெயரும் வெட்டியிருக்கும். "இதுவும் தமிழ்தான், உனக்குப் படிக்கத் தெரியலை" என்பார் அப்பா. அது மனசில் அப்படியே நின்றுவிட்டது. 31 வயதில் ஒரு இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போனேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்து அட்டவணையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் போகத் தொடங்கினேன். எட்டு வருடம் ஆகிறது.

ஏன் பட்டம் என்று கேட்பீர்கள், அதனால் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு சிற்றூர்க் கோயிலில் விளக்குத் தானக் கல்வெட்டு ஒன்றைப் படித்தேன். கல்லில் "சரவர மூவர பெரரடு" என்று இருந்தது. பழைய கல்லில் புள்ளி இருக்காது என்று தெரியும், அதனால் நானே புள்ளி வைத்து "சரவர் மூவர் பேராடு" என்று படித்தேன். சரவர் என்று ஒரு குடி இருந்திருக்கிறது, அவர்களில் மூன்று பேர் கோயிலுக்கு ஆடு கொடுத்திருக்கிறார்கள் என்று முகநூலில் எழுதினேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அந்த ஊர்த் திருவிழா நோட்டீஸிலும் அது அச்சாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஒரு பெரியவர் ஒரே வரியில் பதில் எழுதினார்: "அம்மா, அந்தக் காலத்தில் ர-வும் துணைக்காலும் (ா) ஒரே வடிவம். மறுபடி படியுங்கள்."

மறுபடி படித்தேன். சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள். கோயில் விளக்குக்கு நெய் கிடைப்பதற்காக விடப்பட்டவை. மந்தையில் ஒன்று செத்தால் பிறக்கும் குட்டி அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது. எவ்வளவு அழகான சொல்! அதை நான் எங்கேயுமே இல்லாத மூன்று மனிதர்களாக்கி, ஒரு ஊரையே நம்ப வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து, தப்பாகப் படிக்கும்போது பக்கத்திலிருந்து திருத்த ஒரு ஆள் வேண்டும் என்ற எண்ணம்தான். இரண்டு வருடம் நேரில் வகுப்புக்குப் போய் முதுகலை படிக்க ஆசை. வேலையை விடலாமா? இந்த வயதில் சேர்ப்பார்களா? படித்து என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரவுத்தமிழ் | மார்ச் 9, இரவு 11.25

அக்கா, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இதுக்குப் பட்டம் தேவையே இல்லை.

ஐராவதம் மகாதேவன் எந்தக் கல்லூரியில கல்வெட்டியல் படிச்சார்? ஐ.ஏ.எஸ். அதிகாரி. அரசு வேலையில இருந்துக்கிட்டேதான் குகை குகையா ஏறி தமிழோட பழைய எழுத்தான தமிழ்-பிராமியைப் படிச்சார். புகளூர்க் கல்வெட்டுல சேர மன்னர்கள் பெயரை அவர் படிச்சது 1960-கள்ல. திருச்சியில டாக்டர் கலைக்கோவன் கண் மருத்துவர். 1982-லேயே வரலாற்று ஆய்வு மையம் தொடங்கி, எத்தனை கோயில்களை அளந்து எழுதியிருக்காங்க!

இப்போ தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் எல்லாம் இணையத்துல கிடைக்குது. சொல்லகராதி இருக்கு. நீங்க எட்டு வருஷமா செய்றதே பெரிய விஷயம். அதே வேகத்துல போங்க. சம்பளத்தை விடாதீங்க.

கவுண்டர்4 | மார்ச் 10, காலை 7.10

நானும் வங்கிக்காரன்தான் மேடம். முதல் வேலையாக ராஜினாமா என்ற வார்த்தையை வீட்டில் சொல்வதை நிறுத்துங்கள்.

பொதுத்துறை வங்கிகளில் பெண் ஊழியர்களுக்குச் சம்பளமில்லா நீண்ட விடுப்பு இருக்கிறது, சபாட்டிகல் என்பார்கள். மொத்தப் பணிக்காலத்தில் இரண்டு வருடம் வரை எடுக்கலாம். உங்கள் வங்கியின் சுற்றறிக்கையை எடுத்துப் படியுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம். மனிதவளப் பிரிவுக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அந்தக் காலம் ஓய்வூதியத்துக்கும் பதவி உயர்வுக்கும் எப்படிக் கணக்காகும், மருத்துவக் காப்பீடு தொடருமா, வேறு படிப்பில் சேர அனுமதி தனியாக வாங்க வேண்டுமா என்பதையெல்லாம் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது வீட்டுக்கடன். ஊழியர் கடனுக்கான தவணை விடுப்பில் இருந்தாலும் நிற்காது. 24 தவணையையும் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டுப் போங்கள். அது இல்லாமல் போனால் மூன்றாம் மாதமே படிப்பில் மனசு நிற்காது.

மைப்படி | மார்ச் 10, பகல் 1.15

நான் தொல்லியல் எம்.ஏ. முடிச்சவன். அதுக்கப்புறம் அகழாய்வுத் தளங்கள்ல ஒப்பந்த வேலை. வயசு 31. உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்.

வேலை கிடைக்கும்னு நம்பி யாரும் இதுக்கு வரக்கூடாது. டி.என்.பி.எஸ்.சி. மூலமா தொல்லியல் அலுவலர் பணிக்கு எப்பவாவது அறிவிப்பு வரும், இடங்கள் ரொம்பக் குறைவு. மத்த வேலை எல்லாம் பருவத்துக்குப் பருவம்தான். குழி தோண்டுற மாசத்துல சம்பளம், மழை வந்தா வீடு. என்கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் இப்போ வேற வேலையில இருக்காங்க. நான் விடல, ஏன்னா எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அப்பா ஓய்வூதியம் வருது. அவ்வளவுதான் காரணம்.

அதே நேரம், தரவுத்தமிழ் சொல்றதை என்னால ஏத்துக்க முடியல. தொகுதியில அச்சாகி இருக்கிறதைப் படிக்கிறது வேற, கல்லைப் படிக்கிறது வேற. முதல் வருஷம் எங்களுக்கு மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால தாள்ல பிரதி எடுக்கக் கத்துக்கொடுத்தாங்க. கல்லை முதல்ல தண்ணி விட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, எழுத்துக்குள்ள இருக்கிற பாசி, எண்ணெய், சுண்ணாம்பு எல்லாத்தையும் எடுக்கணும். தாளை நனைச்சு ஒட்டி, கெட்டி பிரஷ்ஷால அடிச்சு அடிச்சு, தாள் எழுத்துப் பள்ளத்துக்குள்ள இறங்குற வரைக்கும் விடக்கூடாது. ஈரம் சரியான பதத்துக்கு வந்ததும் மை ஒத்தணும். ஈரம் கூடினா மை ஊறிடும், காஞ்சா தாள் பிரிஞ்சுடும். சரியா வந்தா கறுப்புல எழுத்து வெள்ளையா நிக்கும். முதல் பத்துத் தாள் எனக்குக் கிழிஞ்சது. பதினொண்ணாவது தாள்ல ஒரு வரி முழுசா வந்தப்போ எங்க பேராசிரியர் என் கையைப் பிடிச்சு, "இந்த வரியை இதுவரைக்கும் யாரும் சரியாப் படிக்கலை, நீ படி"ன்னார்.

இன்னொண்ணு. திருப்பணின்னு சொல்லி மணலைப் பீய்ச்சி அடிச்சுச் சுவரைச் சுத்தம் பண்ணி, எத்தனையோ கல்வெட்டு மழுங்கிப்போச்சு. சுண்ணாம்பு பூசி, பெயின்ட் அடிச்சு மறைஞ்சதும் ஏராளம். படிக்கத் தெரிஞ்சவங்க ஊருக்கு ஒருத்தர் இருந்தாலே போதும், கேள்வி கேக்க ஆள் இருக்கும். அதுக்காகவாவது வாங்கக்கா.

தாமரைக்குளம் | மார்ச் 10, இரவு 9.50

இங்கே எல்லோரும் படிக்கப் போகிறவரின் பக்கமிருந்தே எழுதுகிறீர்கள். நான் வீட்டில் இருந்தவளின் பக்கத்தை எழுதுகிறேன்.

என் கணவர் 36 வயதில் தனியார் வேலையை விட்டுவிட்டு இசையில் முதுகலை சேர்ந்தார். அவர் பாடிக் கேட்டுத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதனால் மறுக்க மனசு வரவில்லை. "ரெண்டு வருஷம்தானே" என்றார். அந்த இரண்டு வருடத்தில் என் பிள்ளைகளுக்கு டியூஷன் நின்றது. என் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருப்பேன், அவர் சாதகம் செய்துகொண்டிருப்பார். அவர் மேல் தப்பில்லை, சாதகம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாகிப்போனது. பாட்டைக் கேட்டுக் காதலித்தவளுக்கே அந்தப் பாட்டு பிடிக்காமல் போனது எவ்வளவு பெரிய இழப்பு என்று யாருக்காவது புரியுமா?

இப்போது அவர் இசை ஆசிரியர், சம்பளம் குறைவு, முகத்தில் நிம்மதி இருக்கிறது. நான் மறுபடி அவர் பாடுவதைக் கேட்க உட்கார மூன்று வருடம் ஆனது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கணவரும் மாமியாரும் என்ன சொல்கிறார்கள்? நீங்கள் அவர்களைக் கேட்டீர்களா, இல்லை, முடிவைச் சொன்னீர்களா? இரண்டும் வேறு. எங்கள் வீட்டில் சொல்லத்தான் சொன்னார், கேட்கவில்லை.

தாராசுரத்தாள் | மார்ச் 11, காலை 6.05

தாமரைக்குளம் அக்கா, நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் கேட்கவில்லை. கணவரிடம் "படிக்கலாம்னு இருக்கேன்" என்றேன், "சரி"என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மாமியார், "பொண்ணு படிக்கிற வயசுல அம்மாவும் பை தூக்கிட்டுப் போனா யாரு அவளைப் பாக்குறது" என்றார். அதைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்கிறவர் அவர்தான்.

இந்த வாரம் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியன் | மார்ச் 11, மாலை 5.30

மகளே, நான் புதுக்கோட்டைக்காரன். 34 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். எங்கள் ஊரின் பெருமையை ஒரு வரி சொல்லிவிட்டு வருகிறேன்: புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் மூலங்களை 1929-லேயே தொகுத்து அச்சிட்டுவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போனவன் நான்.

47 வயதில் அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு முடித்தேன். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் எந்த ஆசிரியரும் என்னோடு ஒரு கல்லின் முன்னால் நிற்கவில்லை. தபாலில் பாடம் வந்தது, எழுதி அனுப்பினேன், பட்டம் வந்தது. அலமாரியில் இருக்கிறது. பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு அஞ்சல்வழி போதும். நீ கேட்பது பட்டம் இல்லை என்று எனக்குப் படுகிறது. உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருத்த ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அது தபாலில் வராது அம்மா.

என் வருத்தம் என்னவென்றால், 47-இல் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்ததில் எனக்குக் குறையில்லை. இருந்தாலும் வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து வரும் இடங்களில் இன்றும் தடுமாறுகிறேன். அந்த இடம் வந்தாலே ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால் என்று தோன்றும்.

யாழ்வாசகி | மார்ச் 12, காலை 8.20

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் இந்த ஆசை வந்தால் போய்ப் படிக்கிறதுக்குக் கோயில் சுவரே குறைவு. ஆனைக்கோட்டையில 1980-ல ஒரு முத்திரை கிடைச்சது, மேல் வரியில குறியீடுகள், கீழ் வரியில பிராமி எழுத்து. பள்ளிக்கூடத்தில ரீச்சர் படம் காட்டின நாளில இருந்து எனக்கும் இதே விசர்தான். நான் ஆஸ்பத்திரியில தாதி, இரவுக் கடமை. படிக்கப் போக ஏலாமல் இருக்கு. உங்கட கதை என்ன ஆகுது எண்டு கட்டாயம் வந்து எழுதுங்கோ அக்கா.

தரவுத்தமிழ் | மார்ச் 12, இரவு 11.00

மைப்படி, ஐயா, ரெண்டு பேர் சொன்னதையும் யோசிச்சேன். நேரடி அனுபவம் வேணும்னு ஒத்துக்கறேன். ஆனா அதைக் கல்லூரிதான் குடுக்கணுமா? ஞாயித்துக்கிழமை ஒரு நல்ல குழுவோட போனா கிடைக்காதா? ரெண்டு வருஷச் சம்பளத்தைக் கூட்டிப் பாருங்க. அந்தப் பணத்துல எத்தனை கோயிலுக்குப் போகலாம்?

வட்டெழுத்து | மார்ச் 13, இரவு 8.45

நான் ஒரு கல்லூரியில் இந்தத் துறையில் உதவிப் பேராசிரியர். தரவுத்தமிழின் கேள்வி நல்ல கேள்வி, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மகாதேவன் வகுப்பில் உட்காரவில்லை என்பது சரி. ஆனால் அவர் தொட்ட இடம் ஏற்கனவே உழுத நிலம். அந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-லேயே காட்டியிருந்தார். மகாதேவன் 1960-களில் எழுதியதோடு நிறுத்தவில்லை. 1990-களில் மறுபடி அதே குகைகளுக்கு ஏறி, தாம் படித்ததைத் தாமே சரிபார்த்து, 2003-ல்தான் முழு நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய நாற்பது வருட உழைப்பு. அந்த ஒழுங்கு தனக்குள்ளேயே உள்ளவருக்கு வகுப்பு தேவையில்லை. என்னைப் போன்றவர்களுக்கு வெளியிலிருந்து அந்த ஒழுங்கு வர வேண்டியிருந்தது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். முதல் வாரத்தில் கரும்பலகையில் "ஊரரர" என்று எழுதுவேன். மாணவர்கள் விழிப்பார்கள். ஊ, ர, துணைக்கால், புள்ளியில்லாத ர். "ஊரார்". எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இருக்காது. ஆக, எழுத்தைக் கூட்டிப் படிப்பது பாதி வேலை, மொழி தெரிந்து பிரிப்பது மீதிப் பாதி. சாவா மூவா என்பதில் நீங்கள் இடறியது எழுத்து தெரியாமல் இல்லை. விளக்குத் தானத்துக்கு இப்படி ஒரு வழக்கமான சொற்றொடர் உண்டு என்று தெரியாததால். நூறு விளக்குக் கல்வெட்டுகளை ஒருவர் வரிசையாகப் படிக்க வைத்திருந்தால், நூற்றியோராவதில் கண் தானாகவே அங்கே போய் நிற்கும். ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளுக்கு ஒரு உழக்கு நெய் என்று எத்தனை கல்லில் வருகிறது!

சொற்களும் அப்படித்தான். நாடு என்றால் சோழர் காலத்தில் சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். இன்றைய பொருளை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்தால் மொத்த வரலாறும் சாய்ந்துவிடும். நில அளவில் "அரையே இரண்டு மா முக்காணி" என்று வரும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று. இந்தக் கணக்குக்கே எங்கள் மாணவர்கள் ஒரு மாதம் அழுவார்கள்.

இப்போது தாராசுரத்தாளுக்கு. நீங்கள் உங்களை வெறுங்கையோடு வருகிறவளாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் திறந்து பாருங்கள். கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச்சபைகள் வாங்கியிருக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை. அரைக்கால் எட்டில் ஒன்று, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. முதலைத் தொடாமல் வட்டியிலேயே விளக்கும் பூசையும் நடக்க வேண்டும் என்ற ஏற்பாடு. கடன் வாங்கியவர் யார், எதற்காக, நெல்லாகத் தந்தாரா காசாகத் தந்தாரா, தராவிட்டால் என்ன ஆனது? பதினாறு வருடம் கடன் கோப்பு பார்த்த கண்ணுக்கு இதில் தெரிவது எனக்குத் தெரியாது. என் வகுப்பில் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்ற மாணவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

நடைமுறை விஷயங்கள் சுருக்கமாக. முதுகலைக்கு உங்கள் வயது தடையாக இருக்காது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயமும் உண்டு, அதற்குத் தனித் தகுதி விதிகள், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். பி.காம். பட்டத்தை ஏற்பார்களா என்று துறைக்கே நேரில் போய்க் கேளுங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். பிற்பாடு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதினால் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. ஆய்வு நிதிக்குத்தான் வரம்பு. முனைவர் பட்டத்தை வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்ய 2022 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் அனுமதிக்கின்றன, நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆக முதுகலைக்கு மட்டும் இரண்டு வருடம் ஒதுக்கிவிட்டு வேலைக்குத் திரும்பினாலும், அங்கேயே முடிந்துபோகாது.

ஒரு வேண்டுகோள். விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு, துறையில் அனுமதி கேட்டு, ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்காருங்கள். எல்லா இடத்திலும் நல்ல ஆசிரியர் கிடைப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். குறிப்பேட்டை வாசித்துவிட்டுப் போகும் வகுப்புகளும் இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் உட்கார்ந்தால் உங்கள் ஆசையே வற்றிப்போகும்.

தரவுத்தமிழ் | மார்ச் 13, இரவு 10.15

வட்டி விவரம் எனக்குத் தெரியாது சார். என் கருத்தை வாபஸ் வாங்கிக்கறேன். குறைஞ்சபட்சம் இந்த அக்கா விஷயத்துல.

தாராசுரத்தாள் | மே 26, இரவு 9.30

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

முதலில் வீடு. கணவரையும் மாமியாரையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டேன். கணவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கடையில் ஆடி மாசம் கையைக் கடிக்கும், அப்பல்லாம் உன் சம்பளத்துலதான் சமாளிக்கிறேன், உனக்குத் தெரியாது" என்றார். பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. இந்த இழையில் எழுதாமல் இருந்திருந்தால் இன்றும் தெரிந்திருக்காது. ஒரு வருடம் தள்ளிப்போட முடிவு செய்தோம். அதற்குள் தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்கிறேன், கவுண்டர்4 சொன்ன மாதிரியே. மனிதவளப் பிரிவிலிருந்து விடுப்பு விதிகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட்டேன். அதில் இரண்டு விஷயம் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது.

மாமியார் ஒரு நிபந்தனை வைத்தார். வாரத்தில் இரண்டு நாளாவது நாலு மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். சரி என்றேன்.

இரண்டு துறைகளுக்கு நேரில் போனேன். ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, எனக்கு அது ஆகாது. வட்டெழுத்து சார் சொன்ன அதே குறிப்பேட்டு வாசிப்பு. இன்னொன்றில் ஆசிரியர் ஒரு மாணவியை எழுப்பி மைப்படியைப் படிக்கச் சொன்னார். அவள் ஒரு எழுத்தில் நின்றாள். ஆசிரியர் சொல்லிக்கொடுக்கவில்லை, காத்திருந்தார். வகுப்பே காத்திருந்தது. அவளே கண்டுபிடித்தாள். அங்கேதான் சேரப்போகிறேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

தாமரைக்குளம் | மே 27, காலை 6.30

கேட்டதற்கு நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. என் கணவருக்கு இதைப் படித்துக் காட்டினேன்.

தாராசுரத்தாள் | மறு ஆண்டு, நவம்பர் 17, இரவு 8.50

யாழ்வாசகி தங்கை தனிமடலில் கேட்டதால் வருகிறேன். ஜூலையில் சேர்ந்தேன். வகுப்பில் நான்தான் மூத்தவள், எனக்கு அடுத்தவளுக்கு 23. காலை ஆறே காலுக்குக் கிளம்ப வேண்டும். கிரந்தம் கடினமாக இருக்கிறது, முதல் உள்தேர்வில் அதில்தான் குறைந்த மதிப்பெண். மகளும் நானும் ஒரே மேஜையில் படிக்கிறோம். அவளுக்குப் பரீட்சை இருந்த வாரத்தில் காய்ச்சல் வந்து நான் மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை, அதில் ஒரு களப்பயணம் போய்விட்டது. அது வலித்தது. மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

நில அளவுக் கணக்கு மட்டும் எனக்கு ஒரு மாதம் ஆகவில்லை சார், ஒரு வாரம்தான். வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்லித்தருகிறேன்.

போன வாரம் அனுமதிக் கடிதத்தோடு ஒரு கோயிலில் படியெடுத்தோம். மைப்படி தம்பி, எனக்கு ஏழாவது தாளில் வந்தது. ஒரு விளக்குத் தானம். நான் படித்ததை எழுதிக்கொடுத்தேன், ஆசிரியர் சிவப்பு மையில் நாலு இடம் சுழித்தார். மூன்றைச் சரிசெய்துவிட்டேன். நாலாவது இடத்தில் கல் உடைந்திருக்கிறது. "தொண்ணூற்றாறு" வரை தெளிவு. அதற்கடுத்து "இவ்வாட்டால் நிசத" என்று வந்து, இரண்டு எழுத்து சிதைவு, பிறகு "க்கு", மறுபடி சிதைவு, வரி முடிகிறது. ஆசிரியர் விடை சொல்லவில்லை, திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது, ஆனால் நான் முந்திச் சொல்ல விரும்பவில்லை.

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியன் | நவம்பர் 17, இரவு 9.20

நிசதம் உழக்கு நெய், அதாவது தினமும் ஒரு உழக்கு. ஆனால் மகளே, "க்கு"வுக்கு முன்னால் உழ இருக்க இடம் போதுமா என்று தாளில் விரலை வைத்து அளந்து பார். அதைவிடச் சிறிய அளவான ஆழாக்காகவும் இருக்கலாம்.

தாராசுரத்தாள் | நவம்பர் 17, இரவு 9.55

அளந்தேன் ஐயா. ஆழாக்கு என்றால் துணைக்காலுக்கு இன்னொரு எழுத்து இடம் வேண்டும். இங்கே இடமில்லை. சிதைவின் ஓரத்தில் உகரத்தின் அடிக்கோடு மாதிரி ஒன்று தெரிகிறது. நாளைக் காலை வெயில் சாய்வாக விழும்போது நேரில் போய்க் கல்லையே பார்த்துவிட்டு வருகிறேன். மகளும் வருகிறாளாம்.